செட்டிநாட்டில் ஆறு நாள் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து கணவன், மனைவி, 66 வயது அம்மா என்று மூன்று பேர். கையில் ஆறு நாள் விடுமுறை. ஓடி ஓடிப் பார்க்காமல், கிராமப்புறமாக ஓர் இடத்தில் தங்கி நிதானமாகச் சுற்ற ஆசை. செட்டிநாடு மனதில் இருக்கிறது. ஆனால் "அங்கே நாலு பங்களா இருக்கு, ஒரே நாளில் முடிச்சுடலாம்" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். ஆறு நாளுக்கு அந்தப் பகுதி தாங்குமா?

தாங்கும். நண்பர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. மதுரையிலிருந்து காலையில் கார் எடுத்தால் பிள்ளையார்பட்டியில் தரிசனம், ஆத்தங்குடியில் ஒரு வீடு, கானாடுகாத்தானில் அரண்மனை வாசல், காரைக்குடியில் இலைச் சாப்பாடு, ஆயிரம் ஜன்னல் வீட்டு முன்னால் ஒரு படம் என்று முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போதே "இதைத்தான் முன்னாடியே பார்த்தோமே" என்று பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிடும்.

நான் புதுக்கோட்டைக்காரன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை, ஆனால் அந்த ஊர்களைச் சுற்றியே வளர்ந்தவன். என் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: வீடு பார்க்கப் போகாதீர்கள், ஊர் பார்க்கப் போங்கள். பெரிய வீடுகளில் பாதி பூட்டித்தான் கிடக்கும். ஊர் பூட்டாது.

முதலில் இடம். செட்டிநாடு என்பது ஓர் ஊர் இல்லை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் ஊர்களின் தொகுப்பு. மொத்தம் 96 ஊர் என்பது மரபுக் கணக்கு, இன்று எழுபத்துச் சொச்சம் என்பார்கள். காரைக்குடியும் தேவகோட்டையும் டவுன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், ஆத்தங்குடி, அரிமளம், ராயவரம், கண்டனூர், நாட்டரசன்கோட்டை எல்லாம் கிராமமும் இல்லாத டவுனும் இல்லாத ஒரு வகை. தெருக்கள் சென்னையின் பழைய பேட்டைகளைவிட அகலம், நூல் பிடித்தாற்போல நேர். ஆனால் மதியம் மூன்று மணிக்கு ஓர் ஆள் நடமாட்டம் இருக்காது.

மூன்று இரவு கானாடுகாத்தானிலோ அதை ஒட்டிய பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கமோ தங்குங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். வாடகை கொஞ்சம் கடிக்கும். மீதி இரண்டு இரவு காரைக்குடியில், சாதாரண லாட்ஜ் போதும். தினம் ஒரு ஊர் மாற்றாதீர்கள். பெட்டி கட்டுவதிலேயே அரை நாள் போய்விடும், அம்மாவுக்கும் சிரமம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. எழும்பூரில் பிற்பகலில் ஏறினால் இரவு காரைக்குடி. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. இரவு வந்து இறங்கும் முதல் நாளைக் கணக்கில் வைக்காதீர்கள். மறுநாள் காலையும் எங்கேயும் கிளம்ப வேண்டாம்.

சரி, முதல் நாள் என்ன செய்வது? சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் ஊரைச் சுற்றி நடங்கள், அவ்வளவுதான். நடக்கும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, வீடுகளின் நீளம். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்கதவு திறந்திருந்தால் வாசலில் நின்றபடியே கடைசிக் கதவு வரை பார்வை போகும். முகப்பு, அதில் திண்ணை, பிறகு பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, கடைசியில் அடுப்படி என்று கட்டுக் கட்டாகப் போகும். வளவு என்பது வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அது படுக்கை அறை என்று நினைத்துவிடாதீர்கள், அதிகமும் பொருள் வைக்கும் அறைதான், படுக்கை எல்லாம் தாழ்வாரத்தில். கல்யாணமான ஒரு குடும்பத்தை அவர்கள் ஒரு 'புள்ளி' என்று கணக்கு வைப்பார்கள். கோயில் வரி முதல் ஊர்ச் செலவு வரை புள்ளிக் கணக்குத்தான்.

இரண்டு, தரையின் உயரம். தெருவிலிருந்து ஐந்தாறு படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் நாங்கள், அதனால்தான் உயரத்தில் கட்டுகிறோம் என்பது நகரத்தார் மரபுக் கதை. மழைக்கு ஏங்கும் செம்மண் பூமியில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய வீடு என்பது நினைக்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மூன்று, தண்ணீர். என்னைக் கேட்டால் இந்த ஊர்களில் வீட்டைவிடப் பெரிய சங்கதி இதுதான், ஆனால் ஒரு நாள் டூரில் யாரும் காட்டமாட்டார்கள். இங்கே ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வளவு ஓட்டுச் சரிவுகள் நாலும் உள்பக்கம் சாய்ந்திருக்கும். கூரைத் தண்ணீர் மூலைத் தூம்புகள் வழியாக முற்றத்தில் விழும். மழைக்காலத்தில் அதன் கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மீதி வீட்டுக் கிணற்றுக்கு ஊறும், அதற்கும் மேல் வந்தால் தெரு வாய்க்கால், அங்கிருந்து ஊரணி. ஊரணி என்பது ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த குளம், நாலு பக்கமும் செம்புறாங்கல் சுவரும் படிக்கட்டும் உள்ளது. குடிக்கிற ஊரணியில் கால் கழுவக் கூடாது என்று அந்தக் காலத்தில் காவல் போட்ட ஊர்களும் உண்டு. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் சில ஊரணிகள் பாசி பிடித்துக் கிடக்கின்றன, சிலவற்றைத் தூர் வாரிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் தங்கும் ஊரில் ஊரணி எந்தப் பக்கம் இருக்கிறது, தெருக்கள் அதை நோக்கி எப்படிச் சரிகின்றன என்று பார்த்தாலே அந்த ஊரைக் கட்டியவர்களின் மூளை தெரியும். மழை பெய்கிற நாளில் வளவுத் தாழ்வாரத்தில் உட்காரும் வாய்ப்பு கிடைத்தால் அன்றைக்கு வேறு எங்கேயும் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் வேண்டுமானால் ஒரு வீட்டுக்குள் போகலாம். ஒன்றே ஒன்று, ஆனால் ஒன்றரை மணி நேரம். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டி முடித்த அரண்மனைதான் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், முகப்போடு திரும்ப வேண்டியிருக்கலாம். அக்கம்பக்கத்திலும் ஆத்தங்குடியிலும் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் உண்டு. பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று காவலாளி ஒப்பிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பை நாலைந்து அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து வைத்துத் தேய்த்த சுவர். நூறு வருடம் ஆகியும் பெயின்ட் அடிக்காமலே பளபளக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கும்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் நிற்கும்போது வர வேண்டும். காவலாளி "வியாபாரம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். பர்மா, மலாயா, இலங்கை, வியட்நாம் பக்கம் போய் வட்டிக்கடை நடத்தியவர்கள் நகரத்தார். ஏஜென்டாகப் போகிற ஆண்கள் மூன்று வருடக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அதுவரை இவ்வளவு பெரிய வீட்டில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான். கீழ் பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில், 1930இல் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் நிலத்தைக் கொடுத்துக் கடனைத் தீர்த்ததில், 1938இல் அது 25 சதவீதம் ஆனது. பணமாக வர வேண்டியது சேறும் நிலமுமாக வந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், ஓடி வந்தார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. இங்கே நீங்கள் பார்க்கிற பிரம்மாண்டம், அங்கே ஒரு விவசாயக் குடும்பம் நிலம் இழந்த கணக்கோடும் சேர்ந்தது. இதைச் சொன்னால் சில நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கோயில் திருப்பணியும் அதே பணத்தில்தான் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பூட்டிக் கிடப்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இப்போது முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா. ஓடு மாற்றச் செலவு யார் செய்வது? கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் மட்டும் அத்தனை பேரும் வந்து திறப்பார்கள், நாலு நாள் வீடு நிறையும், திரும்பப் பூட்டு. கட்டுப்படி ஆகாதவர்கள் இடித்துவிட்டார்கள். இடித்த வீட்டின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, ஜப்பான் பொம்மை, ரவிவர்மா படம், பித்தளை அண்டா எல்லாம் அங்கே கிடைக்கும், பேரம் பேசலாம். பார்க்கச் சுவாரசியமான தெருதான். ஆனால் நிலைக்கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு வாங்கத் தோன்றுவதில்லை.

ஆத்தங்குடிக்கு ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள், வீட்டுக்காக அல்ல, தரைக்கல்லுக்காக. 'ஆத்தங்குடிக் கல்' என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய அந்தப் பூக்கல்லுக்குச் சூளையே கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டை மேசையில் வைப்பார்கள். அதன்மேல் சதுர இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சிமென்டில் வண்ணப்பொடி கலந்து மோர் பதத்தில் கரைத்து வைத்திருப்பார்கள். சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு வண்ணம் ஊற்றுவார்கள். இங்கே சிவப்பு, அங்கே கடுகு மஞ்சள், நடுவில் பச்சை. கை நடுங்காது, ஒரு சொட்டு அடுத்த அறைக்குப் போகாது. அச்சை மெல்ல மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், ஆனால் கலக்காது. உடனே சலித்த மணலும் சிமென்டும் கலந்த உலர் பொடியை மேலே தூவுவார்கள், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரச் சாந்து போட்டு அழுத்தி, மட்டப்பலகையால் வழித்துவிட்டால் ஒரு கல் முடிந்தது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தினால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். பூ கீழ்ப்பக்கம் இருந்ததால் அதுவரை அந்தக் கல் எப்படி வந்திருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. கண்ணாடியில் படிந்த பக்கம் கண்ணாடிப் பளபளப்போடு வரும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். ஆள் நடமாடாத வீட்டில் கல்லும் மங்கிப்போகும்.

பட்டறைகளில் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வேலை செய்கிறவர் கைக்கு நேரே போனை நீட்டாமல் தள்ளி நின்று பாருங்கள், பத்துக் கல் ஆகும்வரை. டூர் வண்டிகள் பத்தரை மணிக்கு மேல்தான் வரும், அதற்குள் போய்விட்டால் பேச்சுக்கும் ஆள் கிடைக்கும்.

கோயில்களில் எதைப் பார்ப்பது என்பதற்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் சுவை கூடும். நகரத்தார் சமூகம் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளி முறை ஆவதால் பொதுவாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை (பெரிய கோயில்களில் உட்பிரிவு பார்த்துச் செய்வது உண்டு). கல்யாணம் என்றால் கோயிலில் பதிந்து மாலை வாங்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகம் வருவதற்கு வெகு காலம் முன்பே இப்படி ஒரு பதிவேடு நடத்தியவர்கள். பிள்ளையார்பட்டியில் குடைவரைப் பிள்ளையாரை எல்லோரும் பார்ப்பார்கள், விடுமுறை நாளில் வரிசை நீளும். அங்கிருந்து திருப்பத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வைரவன்பட்டி. சிற்ப வேலைப்பாட்டில் பிள்ளையார்பட்டியைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி, கூட்டமோ பத்தில் ஒரு பங்கு. அம்மாவோடு போகிறவர்களுக்குப் படி ஏறும் தொந்தரவும் இல்லை. குன்றக்குடி முருகனுக்கு மலை ஏற வேண்டும், உயரம் அதிகம் இல்லை, அம்மாவின் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. சென்னை ஓட்டல் போர்டில் 'செட்டிநாடு' என்று எழுதியிருந்தால் காரமும் எண்ணெயும் சிவப்பும் என்று அர்த்தம். வீட்டுச் சமையல் அப்படி இருக்காது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் உண்டு, அளவாக. காலையில் இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தெரக்கல் தருவார்கள், குருமாவைவிட இளகியது. மதியம் மண்டி என்று ஒன்று: அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காயோ பலகாயோ போட்டு, புளி சேர்த்து, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தாளித்துச் செய்வது. வறண்ட பூமியின் சமையல், கழுநீரைக்கூட வீணாக்கவில்லை. பலகாரம் என்றால் கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கும்மாயம், சீப்புச் சீடை, மணகோலம். கறுப்புக் கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் போட்டுத் தருவது பர்மாத் தொடர்பில் வந்தது என்பார்கள். கல்யாணப் பந்தியிலும் விசேஷ நாளிலும் கட்டாயம் இருக்கும்.

நீங்கள் தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவிட்டால் மறுநாள் வீட்டு முறையில் செய்து தருவார்கள். "மெனு கார்டு வேண்டாம் ஆச்சி, இன்னைக்கு உங்க வீட்ல என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். வயதான நகரத்தார் பெண்களை ஆச்சி என்றே கூப்பிடலாம், மரியாதையான விளிதான். ஆண்கள் என்றால் வயதுக்குத் தகுந்தபடி ஐயா, அண்ணே. அம்மா கூட இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். தனியாகப் போகிற இளைஞனுக்குத் திண்ணையோடு நிற்கிற பேச்சு, அறுபது வயது அம்மாவோடு போனால் அடுப்படி வரை போகும். பலகாரம் வாங்கவும் அவரையே முன்னால் விடுங்கள், எது இன்று சுட்டது, எது நேற்றையது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கொஞ்சம் வெளியே போகத் தோன்றும். திருமயம் பக்கம்தான், காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்கள், மேலே ராமநாதபுரம் மன்னர் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை. கோயில்களை அம்மா பார்க்கட்டும், கோட்டை உச்சிக்கு நீங்கள் இருவரும் ஏறுங்கள், வெயிலுக்கு முன்னால். திருமயத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் போனால் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில், வரிசையாக மண் குதிரைகள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் மண் வனையும் வேளாரிடம் சொல்லி வனைந்து கொண்டுவந்து நிறுத்தியவை. பழைய குதிரை உடைந்து மண்ணோடு மண்ணாகும், புதுக் குதிரை முன்னால் வந்து நிற்கும், யாரும் ஒட்டவைத்துப் பாதுகாப்பதில்லை. பெரிய வீடுகளுக்கு நடுவே இந்த நாட்டை வைத்துப் பார்த்தவர்கள் இதையும் பார்க்க வேண்டும். கல்லை வனைந்தவரும் சுவரைப் பூசியவரும் தறியில் உட்கார்ந்தவரும் வயலில் நின்றவரும் செட்டியார் இல்லை. அவர்கள் இல்லாமல் அந்த வீடும் இல்லை.

சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை மூன்றும் எங்கள் பக்கம், புதுக்கோட்டையைத் தாண்டி. சொந்த ஊர்ப் பெருமையில் அவற்றையும் இந்த ஆறு நாளில் திணிக்கச் சொல்லலாம்தான். சொல்லமாட்டேன். அதற்குத் தனியாக வாருங்கள்.

மழைக்காலம் முடிந்த மாதங்களில் வந்தால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் பறவைகள் இருக்கும்: நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன். அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, தலைமுறையாக. கண்மாயில் தண்ணீர் இல்லாத வருடம் போய் ஏமாறாதீர்கள், கிளம்பும் முன் உள்ளூரில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வருவது? மார்கழி, தை, மாசி. பங்குனி பாதிக்கு மேல் வெயில் தாங்காது. மார்கழியில் வந்தால் பிள்ளையார் நோன்பு வரும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள், நகரத்தார் எங்கே இருந்தாலும் கூடி, மாவுப் பிள்ளையாரில் எரியும் இழைத் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு. 'இழை எடுத்துக்கொள்வது' என்பார்கள். குடும்பத்துக்குள் நடப்பது, கூப்பிட்டால் போகலாம். தையில் பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு, கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், அம்மாவை அழைத்துப் போகிற இடம் இல்லை. அதே சிராவயலில்தான், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) ஆசிரமம் நடத்தியபோது 1927இல் காந்தி தேடி வந்து பார்த்தார். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்ததும் அதே வருடம். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டம் கிளம்பும். சாலையோரம் நின்று பார்ப்பதற்கே ஒரு நாள் தரலாம். பங்குனியில்தான் முடியும் என்றால் காரைக்குடியில் கம்பன் விழா உண்டு, 1939இல் சா. கணேசன் தொடங்கியது. கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் ஒரு நாள் நடக்கும்.

காரைக்குடிக்கு மாறிய பிறகு பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கண்டாங்கிச் சேலை வாங்குவதானால் கூட்டுறவுச் சங்கத்திலோ தறி வைத்திருப்பவரிடமோ வாங்குங்கள். கட்டமும் கோடும் அகலக் கரையும் கொண்ட கனமான பருத்தி, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பவர்லூமில் அடித்த போலியைக் கண்டாங்கி என்று விற்கும் கடைகளும் உண்டு. விலை மலிவாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) அழகாக இருக்கும், எடையும் இல்லை. ஊர்ச் சந்தை நாளில் இருந்தால் கட்டாயம் போங்கள், டவுனைச் சுற்றிய கிராமங்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான்.

ஆறு நாளுக்கும் கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். காரைக்குடியிலிருந்து எல்லா ஊருக்கும் டவுன் பஸ் உண்டு, சாதாரணக் கட்டண வண்டியில் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட்டே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிறுத்தத்து டீக்கடையில் கேட்கிற கதை எந்தக் கைடும் சொல்லாதது. ஆத்தங்குடி, திருமயம் போகிற நாளுக்கு மட்டும் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் சைக்கிள் இருந்தால் நீங்கள் இருவரும் காலை ஆறரைக்குக் கிளம்பி, கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர், கோத்தமங்கலம் போய்வரலாம். மேடு பள்ளம் இல்லாத சாலை. பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே அலையாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அலைவதில்லை.

அறை பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? பழைய வீடுகளின் மாடிப்படி செங்குத்து, கைப்பிடியும் இருக்காது. கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, தாழ்வாரத்தைத் தாண்டியா? இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அம்மாவுக்காக வேறு இடம் பாருங்கள். தை மாதத்துக்கு என்றால் கார்த்திகைக்குள் போன் பண்ணிவிடுங்கள், முகூர்த்த நாட்களில் அந்த வீட்டுப் பங்காளிகளே வந்து இறங்கிவிடுவார்கள், அறை இருக்காது.